திருக்கை மீன், இரண்டு தட்டு

அத்தியாயம் 9

சண்டைக்குப் போகிறவர்கள் யாரும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவதில்லை. டீச்சர் போட்டாள். கணவரின் வெள்ளைச் சட்டையைப் பலகையில் விரித்து, காலர் நுனிவரை அழுத்தித் தேய்த்தாள். அவள் தேய்த்த தேய்ப்பைப் பார்த்தால் சட்டைக்குள் மாப்பிள்ளையே படுத்திருக்கிறாரோ என்று தோன்றும்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். தெருவில் எல்லோருக்கும் டீச்சர். வீட்டில் கணவர் வாயிலும் டீச்சர்தான். ரயிலில் டிக்கெட் பார்த்து ஓய்வு பெற்ற அவரை அவள் 'செக்கர்' என்று சொல்ல, அந்தப் பெயர் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது. கேலி எப்போதோ போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அவர்களுடைய ஒரே மகள் பெட்டியோடு வந்து தன் பழைய அறையில் புகுந்துகொண்டு வாரக்கணக்காகிறது. மாப்பிள்ளை ஒரு பிரெஞ்சு பிஸ்ட்ரோ, அதாவது சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை, நடத்துகிறார். சமையலும் அவரே. மகள் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். மேஜை ஒதுக்குவாள், வந்தவர்களை உட்காரவைப்பாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிறவர்களைச் சிரிக்கவைத்து அனுப்புவாள். அந்த வேலையையும் அந்த மனிதரையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தவள், ஏன் என்று கேட்டால் "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. டீச்சர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வேறொரு பெண். அதை அவள் கணவரிடம் சொன்னபோது அவர், "சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அந்த 'சேச்சே' அவளுக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப உறுதியாக இருந்தது.

அதனால்தான் இந்தத் திட்டம். வாரத்திலேயே கூட்டம் அதிகம் உள்ள மாலையில் போய் அவருடைய மேஜை ஒன்றில் உட்காருவது. அவர் வந்து பதில் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்காமல் இருப்பது. வெளியே வரிசை நிற்கும்போது ஒரு மேஜை சும்மா அடைபட்டிருந்தால் கடைக்காரனுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், மகள் சொல்லியிருக்கிறாள். தான் வேலை பார்த்த பள்ளியின் பெயரைச் சொல்லி இரண்டு பேருக்கு இடம் பிடித்தாள். மகளிடம் பழைய சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

செக்கருக்கு அன்று இருப்பு கொள்ளவில்லை. மதியம் சாப்பிட்டதும் நடைக்குக் கிளம்புவது அவருடைய சமீபத்திய வழக்கம். கிளம்பினால் வெயில் தாழ்ந்த பிறகுதான் வருவார். அன்றும் செருப்பை மாட்டினார். டீச்சர் ஜன்னல் திரைகளைக் கழற்றித் தரச் சொன்னாள். கழற்றினார். மறுபடி செருப்பைத் தேடினார். துவைத்த திரைகளை மாட்டித் தரச் சொன்னாள். ஏணியின் மேல் நின்றுகொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

"சாயங்காலம் சேர்ந்தே சுத்தலாம்" என்றாள் டீச்சர். மாப்பிள்ளையோடு மோதப் பயந்துகொண்டு நழுவப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

விளக்குப் போடும் நேரத்தில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் ஆட்கள் கோட்டும் குடையுமாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் சத்தம் முகத்தில் அறைந்தது. தட்டு, கரண்டி, நாற்காலி இழுபடும் ஓசை, எல்லோரும் ஒருவர் குரலுக்கு மேல் ஒருவர் குரலை உயர்த்திப் பேசும் இரைச்சல். சுவர் முழுக்கப் பெரிய கண்ணாடிகள், அதனால் இருந்த கூட்டம் இரண்டு மடங்காகத் தெரிந்தது. கரும்பலகையில் அன்றைய சாப்பாடு சாக்பீஸில் எழுதியிருந்தது. முன்பெல்லாம் அது மகளின் கையெழுத்தாக இருக்கும். இப்போது யாரோ கோழி கிறுக்கிய மாதிரி எழுதியிருந்தார்கள்.

மேஜைகள் அவ்வளவு நெருக்கம். சுவரோரமாக ஓடிய நீண்ட பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜைப் பெண்ணின் முழங்கை அவள் முழங்கையில் இடித்தது. இளம் ஜோடி. ஒரே ரொட்டியைப் பிய்த்து மாறிமாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் சத்தம் போட்டுச் சண்டை போட முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட வேண்டும் என்று டீச்சருக்குப் புரிந்தது. பரவாயில்லை. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பில் குரலை உயர்த்தாமலே நடுங்கவைத்தவள் அவள்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் இரண்டு கைகளிலும் தட்டுகளோடு அவர்களைக் கடந்துபோனாள். திரும்பி வரும்போது செக்கரைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து நின்றாள்.

"என்ன சார், மத்தியானம் வரவே இல்லை? உள்ள உங்களைத் தேடிட்டே இருந்தாங்க."

செக்கர் மேஜை விரிப்பின் ஓரத்தை நிமிண்டினார். அந்தப் பெண் டீச்சரைப் பார்த்துச் சிரித்து, சார் இருந்தால் சமையலறையே வேறு மாதிரி இருக்கும், சூப்பை ஒரு வாய் வைத்துக்கொண்டு 'கசப்பு ஒரு இழை கூடுதல்' என்று சொன்னால் போதும், சட்டியையே மாற்றிவிடுவார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட ஓடிவிட்டாள்.

டீச்சர் நிமிர்ந்தாள். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் கணவரின் பிடரியும் தன் முகமும் தெரிந்தன. தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

பாப்பா வந்த வாரத்திலிருந்து, என்றார். மாப்பிள்ளை கூப்பிட்டார், போனேன், என்றார்.

"போய் என்ன பண்ணுவீங்க?"

"சும்மாதான். ருசி பாப்பேன்."

"ருசி."

"ஆமா."

"ஒரு இழை கசப்புன்னு சொல்வீங்களாம்."

டீச்சருக்குக் காது மடல் சூடேறியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமைத்ததைப் பற்றி இந்த மனிதர் வாயிலிருந்து வந்த மொத்த விமர்சனம் ஒரே ஒரு சொல். உப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு". பதம் எப்படி என்று கேட்டால், "இருக்கு". மறந்துபோய் உப்பே போடாமல் ஒருநாள் வைத்தபோதும் அதேதான் சொன்னார். நாக்கே இல்லாத பிறவி என்று எண்ணி அவளும் கேட்பதை விட்டிருந்தாள். அந்த நாக்கு இங்கே வந்து இழை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"என் கையால சாப்பிட்டப்போ எல்லாம் அந்த நாக்கை எங்க கழட்டி வெச்சிருந்தீங்க?"

பக்கத்து மேஜையில் ரொட்டி பிய்ப்பது நின்றது. டீச்சர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி பிய்க்க ஆரம்பித்தார்கள்.

அவர் மெல்லிய குரலில், நீ நல்லாத்தானே சமைக்கிற, அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றார். சமாதானமாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாகிவிட்டது. தன் மகளை அழவைத்தவர் கடைச் சட்டியில் கரண்டி விட்டுக்கொண்டிருந்தவருக்குத் தன்னோடு ஒரே மேஜையில் உட்காரத் தகுதி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். மகளுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். அப்படியானால் நாம் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்துகொண்டு யார் யாருக்கு எதை மறைக்கிறோம் என்று யாராவது எனக்குப் பாடம் எடுங்கள் என்றாள்.

கண்ணாடிப் பெண் ஆர்டர் எடுக்க வந்தாள். டீச்சர் தனக்கு ஒரு வெங்காய சூப் மட்டும் போதும் என்றாள். "உள்ளே போய் உங்க முதலாளிகிட்ட மாமியார் வந்திருக்கேன்னு சொல்லும்மா. அவசரம் இல்லை. நாங்க இங்கேயேதான் இருப்போம்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்போதுதான் மறைந்தது.

மாப்பிள்ளை வந்தார். வெள்ளைக் கோட்டு, தோளில் துண்டு. ஆள் இளைத்திருந்தார், கண்ணைச் சுற்றிக் கருமை. இதை டீச்சர் பார்த்தாள். பார்த்ததற்காக மனசை இளகவிடவில்லை.

கூட்டம் முடிந்ததும் பேசலாம் என்றார் அவர். கடை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள் என்றார்.

"எங்க வீடும் நிறைஞ்சுதான் இருக்கு, மாப்பிள்ளை. உங்க பெண்டாட்டி பெட்டியால."

"நான் அவளைப் போகச் சொல்லலை."

"வான்னும் சொல்லலையே."

அவர் தாடை இறுகியது. சுற்றிலும் தலைகள் திரும்புகின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மாமனார் பக்கம் குனிந்து, "மாமா, ஒரு நிமிஷம் உள்ள வந்துட்டுப் போறீங்களா? ஒரே நிமிஷம்" என்றார். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. செக்கர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

டீச்சர் எட்டி அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். காலையில் அவளே இஸ்திரி போட்ட கை.

"அவர் எங்கேயும் வரமாட்டார். என்னோட சாப்பிட வந்திருக்கார்."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். மாமியாரை அவர் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை. "சரி, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். செக்கர் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீ பண்றது சரியில்லை" என்றார். அவர் அப்படிப் பேசி அவள் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. "நான் உள்ள போகணும். இன்னைக்கு மத்தியானமே போயிருக்கணும்."

"போனீங்கன்னா அப்படியே இங்கேயே இருந்துடுங்க. வீட்டுக்கு வர வேண்டாம்."

அவர் போகவில்லை. தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப் வந்தது. டீச்சர் தொடவில்லை. ஆறட்டும், ஆறினாலும் இந்த மேஜை காலியாகாது என்று உட்கார்ந்திருந்தாள். வெளியே வரிசை நீண்டது. பக்கத்து ஜோடிக்கு அவர்களுடைய சாப்பாடு வந்தது. பலகையில் எழுதியிருந்ததுதான்: வெண்ணெயில் வறுத்த திருக்கை மீன், இரண்டு தட்டு. மீனின் மேல் பழுப்பு வெண்ணெய் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. ஜம்மென்று ஒரு மணம்.

வெண்ணெய் அடங்கியதும் அந்தப் பெண் கத்தியால் மீனைப் பிளந்தாள். உள்ளிருந்து ஆவி எழுந்தது.

டீச்சரின் தலை தானாகத் திரும்பியது. அந்த வாடையை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போக வழியே இல்லை. காலம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் அவளோடு குடித்தனம் நடத்திய வாடை. அம்மோனியா. லேசாகத்தான் இருந்தது, வெண்ணெயின் அடியில் பதுங்கிக்கொண்டு. ஆனால் திருக்கை கெட்டுப்போனால் முதலில் சொல்வது அதுதான்.

அந்தப் பெண் முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதைச் சாப்பிடாதீங்க."

அந்த இளைஞன் ஏதோ கேட்க வாயெடுத்தான். டீச்சர் அவனுடைய தட்டையும் இழுத்துக்கொண்டாள். மீன் சரியில்லை, வேறு கொண்டுவரச் சொல்கிறேன், அதுவரை ரொட்டி சாப்பிடுங்கள் என்றாள். அவள் சொன்ன விதத்தில் இரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் அந்த இடத்திலேயே எழுந்து நின்று மொத்தக் கடைக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம். வந்ததே அவரைத் தலைகுனிய வைக்கத்தான். ஒரு கணம் அது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். இரண்டு கைகளிலும் இரண்டு தட்டுகளை ஏந்திக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து, சமையலறைக் கதவை முதுகால் தள்ளித் திறந்தாள். பின்னாலேயே செக்கர்.

உள்ளே அனலும் புகையும். மாப்பிள்ளை மீன் அடுப்பில் இருந்தார். இறைச்சி அடுப்பில் தடித்த உடம்புள்ள ஒரு பெண் நின்றிருந்தாள். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கடையில் அவருக்கு அடுத்தபடி அவள்தான். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

டீச்சர் தட்டை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது கெட்டுப்போனது."

அவர் தட்டை வாங்கினார். குனிந்து முகர்ந்தார். நன்றாக, ஆழமாக மூச்சை இழுத்து முகர்ந்தார். பிறகு மீனைக் கண்ணால் பார்த்தார், விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வெண்ணெய் லேசா கருகியிருக்கு. மீன் நல்லாத்தானே இருக்கு."

டீச்சர் அவரைப் பார்த்தபடியே இருந்தாள். கைநீளத் தூரத்தில் நிற்கிற அவளுக்கே மூக்கில் ஏறுகிறது. இந்த மனிதர் மூக்கைத் தட்டில் வைத்துவிட்டு நல்லாயிருக்கிறது என்கிறார். பொய் சொல்கிறவன் முகம் இப்படி இருக்காது. வகுப்பில் பொய் சொன்ன முகங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவள் அவள். இந்த முகம் பரீட்சையில் கேள்வியே புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம்.

"உங்களுக்கு வாசனை தெரியலை" என்றாள்.

செக்கர்தான் பின்னாலிருந்து சொன்னார். மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் போனதாம். திரும்பி வரவே இல்லையாம். வாசனை போனதோடு ருசியும் பாதிக்கு மேல் போய்விட்டதாம். மகள்தான் மாதக்கணக்கில் அவருக்காக ருசி பார்த்தும் முகர்ந்தும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தால் கடை போய்விடும் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றார் மாப்பிள்ளை. அவள் கிளம்பிய பிறகு வேறு போக்கிடம் இல்லாமல் மாமனாரைக் கூப்பிட்டார். மதியம் மீன் வந்திறங்கும்போது அதை முகர்ந்து பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை.

"இன்னைக்கு நான் வரலை" என்று செக்கர் சொல்லி நிறுத்தினார்.

ஏன் வரவில்லை என்பது டீச்சருக்குத்தான் தெரியும். துவைத்த திரைகள் வீட்டில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

இறைச்சி அடுப்பில் தீ அணைந்தது. அக்காதான் அணைத்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் வந்தாள்.

"அப்போ அன்னைக்கு அந்தச் சிப்பி?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"என் தம்பி உங்ககிட்ட கொண்டுவந்து காட்டினான். இது சரியில்லை, கொட்டிடலாம்னான். நீங்க மோந்து பார்த்துட்டு நல்லாருக்கு, போடுன்னீங்க. நானும் இங்கதான் நின்னேன்."

மெதுவாகத்தான் பேசினாள். அதைக் கேட்டு ஒவ்வொரு கையாக வேலை நின்றது. அந்தச் சிப்பியைச் சாப்பிட்ட ஒரு மேஜை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தது, யார் கவனிக்காமல் விட்டது என்ற கேள்வி வந்தபோது மீன் அடுப்பில் நின்ற அவளுடைய தம்பியை எல்லோர் முன்னாலும் திட்டி வெளியே அனுப்பினார் மாப்பிள்ளை. அதற்குப் பிறகு அவனை எந்தச் சமையலறையும் சேர்க்கவில்லை. இதையும் அக்காதான் சொன்னாள்.

மகள் பெட்டியைக் கட்டியது அந்த நாளில்தான். டீச்சருக்கு இப்போது அது தானாகவே விளங்கியது. வேறொரு பெண்ணைத் தேடிக்கொண்டு டீச்சர் வந்தாள். இங்கே செய்யாத தப்புக்கு வேலையிழந்த ஒரு தம்பி இருந்தான்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கணவரைக் கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் வந்து ருசி பார்த்தீங்க."

மறுபடியும் யாரும் விழுந்துவிடக்கூடாதே என்றுதான் வந்தேன் என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். "உனக்குத் தெரிஞ்சா நீ ஊரைக் கூட்டிடுவேன்னு எனக்குத் தெரியும். பாப்பாவும் அதனாலதான் உன்கிட்ட வாயைத் திறக்கலை. விட்டுட்டு வந்தாலும் அவரைக் காட்டிக்குடுக்க அவளுக்கு மனசு வரலை."

டீச்சருக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. இல்லை என்று சொல்ல முடியாததால் இன்னும் கோபம் வந்தது. தட்டுகளை மேடையில் வைத்தாள்.

அக்கா ஏப்ரனை அவிழ்க்கவில்லை. வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இன்றைக்கு நான் முடித்துக் கொடுக்கிறேன் என்றாள். மீன் எதுவும் வெளியே போகாது. "ஆனா என் தம்பிக்கு இப்பவே போன் போடுங்க. இங்க நின்னு, எங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசுங்க. எனக்கு வாசனை தெரியலை, தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க."

"நாளைக்குப் பேசறேன்."

"இப்போ."

மாப்பிள்ளை போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். டீச்சர் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. கதவருகே திரும்பிக் கணவரைப் பார்த்து, "வர்றீங்களா, இருக்கீங்களா?" என்றாள்.

அவர் மேடையிலிருந்த ஒரு சின்னக் கரண்டியை எடுத்துப் பக்கத்துச் சட்டிக்குள் விட்டு, உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் பார்த்துட்டு வர்றேன்" என்றார். அவள் போய்விட்டாள்.

நடைபாதையில் காற்று குளிர்ச்சியாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள், உள்ளே இடம் காலியா என்று அவளைக் கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் தள்ளிப் போய், மூடிக் கிடந்த ஒரு கடையின் படியோரம் நின்று மகளுக்குப் போன் போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "உன் கடைக்கு வந்தேன். மீன் சரியில்லை" என்று மட்டும் சொன்னாள்.

மகள் எதற்கு அங்கே போனாய் என்று கேட்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்கவில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"யாராவது சாப்பிட்டாங்களா?"

இல்லை, நான் தடுத்துவிட்டேன் என்றாள் டீச்சர். சொல்லி வாய் மூடுவதற்குள் கண்ணாடிப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு டீச்சரிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"மேடம், உங்க பக்கத்து மேஜைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே வேற மேஜைக்கு ஒரு தட்டு மீன் போயிருக்கு. தனியா வந்த ஒரு வயசான அம்மா. முழுசா சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. நான்தான் குடுத்தேன்." அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. மேஜை பிடித்தபோது அந்த அம்மா கொடுத்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், எடுக்கவில்லை என்றாள்.

போனில் எல்லாம் கேட்டிருக்கும். மகள் பக்கத்தில் அலமாரிக் கதவு திறக்கும் சத்தமும் சாவிக்கொத்துச் சத்தமும் வந்தன.

"நான் வர்றேன்மா. அவரை அங்கேயே இருக்கச் சொல்லு. எங்கேயும் போக விட்டுடாத."

பெட்டியோடு வந்த நாளிலிருந்து அந்தக் கடைப் பக்கமே தலைகாட்டாதவள் மகள். டீச்சர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள்.

பின்சந்தில் ஒரு ஸ்கூட்டர் உறுமியது. அவள் திரும்பினாள். சந்து முனையில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் கோட்டு தெரிந்தது. தலைக்கவசம்கூட இல்லை. வண்டி வளைந்து பெரிய தெருவில் ஏறி, பஸ்களுக்கு நடுவே மறைந்துவிட்டது.

செக்கர் சந்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். வெள்ளைச் சட்டையின் மார்பில் சாஸ் தெறித்திருந்தது. கையில் மாப்பிள்ளையின் போன் இருந்தது. அக்காவின் தம்பிக்குப் பேசினாரா என்று டீச்சர் கேட்டாள். இல்லை என்றார். மணி அடித்தது, அவன் எடுத்து ஹலோ என்றான், மாப்பிள்ளை போனை என் கையில் திணித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார் என்றார்.

"எங்க போனான்?"

மாப்பிள்ளையை அவள் 'ன்' போட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. இருவருமே அதைக் கவனித்தார்கள். அந்த அம்மா வீட்டைத் தேடிப் போகிறானா, எல்லோரையும் விட்டுவிட்டு ஓடுகிறானா என்று அவள் கேட்டாள். செக்கர் பெரிய தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். போனுக்குள்ளிருந்து ஒரு குரல் இன்னும் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"தெரியலை" என்றார்.

டீச்சர் அவர் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாததுகூட ஒண்ணு இருக்கா?"